பெயின்ட் டப்பாவை வாசலில் வையுங்கள்

திருவிழாக் கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் நம்முடைய பழைய தேவாலயங்கள் பலவற்றுக்குள் சாரம் ஏறுகிறது. நேர்ச்சைப் பணம் சேர்ந்திருக்கும். பங்கு இளைஞர்கள் திரண்டிருப்பார்கள். ஆளுக்கோர் உப்புத்தாள், பெயின்ட் டப்பா. பதினைந்தே நாளில் நூற்றைம்பது ஆண்டுச் சுவர் நேற்றுக் கட்டியதுபோல் பளபளக்கும். அந்தப் பளபளப்புக்குப் பின்னால் எதை இழந்தோம் என்று அன்றைக்கு யாரும் கேட்பதில்லை. கேட்கத் தோன்றும்போது சுவரில் பதில் இருப்பதில்லை.

அந்த இளைஞர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடுமுறை நாளைக் கொடுக்கிறார்கள், கூலி வாங்குவதில்லை, வியர்வையில் நனைந்த சட்டையோடு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களை வெளியே அனுப்பிவிட்டால் பழைய கோயில்களின் உட்புறத்தைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. ஆள் சரிதான், கையில் இருக்கும் கருவிதான் தப்பு. அந்தக் கருவியை மாற்றிக் கொடுக்க வேண்டிய பெரியவர்கள் நாம் அதைச் செய்யவில்லை.

சுவரும் மூச்சு விடும்

மூன்று, நான்கு தலைமுறைகளுக்கு முன் எழுப்பிய கோயில்களில் சிமென்ட் கிடையாது. செங்கல், மணல், சுண்ணாம்பு. கடலோரத்தில் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. அதோடு கடுக்காய் ஊறிய தண்ணீர், கருப்பட்டி அல்லது வெல்லம், கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு. வழவழப்பான கல்லால் நாள்கணக்கில் தேய்த்தெடுத்தால் சுவரில் முகம் தெரியும். சென்னைக்கு வந்த ஐரோப்பியப் பயணிகள் பலர் அதைப் பளிங்கோடு ஒப்பிட்டு வியந்து எழுதியிருக்கிறார்கள்.

இந்தப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. மழைக்காலத்தில் அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஈரம் அவற்றின் வழியாக மெல்ல வெளியேறி உலர்ந்துவிடும். அதன்மேல் எனாமல் பெயின்ட் அடிப்பது, வேர்த்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு பிளாஸ்டிக் உறை மாட்டுவதுபோல. உள்ளே வந்த ஈரம் உள்ளேயே நிற்கும். அதோடு கரைந்து வந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் பூக்கும். பூத்த உப்பு பூச்சைத் தள்ளும். சுவர் கொப்புளம் விட்டுப் பொருக்குப் பொருக்காக உதிரும்.

தரைக்கு டைல்ஸ் போட்டால் கதை இன்னும் மோசம். அதுவரை தரை வழியாக ஆவியாகிக்கொண்டிருந்த ஈரத்துக்குக் கதவு சாத்தியாயிற்று. அது சுவரைத் தேடிப் போகும். "டைல்ஸ் போட்டதுக்கு அப்புறம்தான் சார் சுவர் ஊறுது" என்று சொல்பவர்கள் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு மருந்தாக, ஊறிய இடத்தை மூன்றடி உயரத்துக்குக் கொத்திவிட்டு சிமென்ட் பூசுகிறார்கள். ஈரம் நாலாவது அடியில் எட்டிப் பார்க்கிறது.

தென் மாவட்டம் ஒன்றில் ஒரு கிராமத்துக் கோயில். பெயர் வேண்டாம். உள்ளே வரிசையாக எட்டுத் தூண்கள், எல்லாம் இளம்பச்சை எனாமல். ஒரு தூணின் இடுப்பளவில் பெயின்ட் அப்பளம்போல் உப்பியிருந்தது. கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை விரலால் அழுத்தியதும் உடைந்து கையகலத்துக்கு விழுந்தது. விழுந்த துண்டின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தால் அடுக்கு அடுக்காக வரலாறு: பச்சை, அதற்குக் கீழ் இளமஞ்சள், பிறகு ரோஸ், பிறகு கெட்டியான நீலம். எல்லாவற்றுக்கும் அடியில், தூணோடு ஒட்டி, பாலாடை நிறத்தில் மின்னிய பழைய சுண்ணாம்புப் பூச்சு.

"நாலு வருஷத்துக்கு ஒருக்க அடிக்கோம். நாலு மாசத்துல உரிஞ்சிடுது. என்ன பெயின்ட்டு வாங்குனாலும் நிக்க மாட்டேங்கு" என்றார் அவர்.

பெயின்ட் நிற்காததற்குக் காரணமே பெயின்ட்தான் என்று அவருக்கு இதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது?

தேவாலயம் என்றால் நமக்கு முகப்பும் கோபுரமும்தான் கண்ணில் படுகின்றன. காலண்டரில் அச்சாவதும் அவைதான். ஆனால் ஊரின் நினைவு உட்புறத்தில்தான் தங்கியிருக்கிறது.

சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1680இல் அர்ப்பணிக்கப்பட்டது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டுமென்று கூரையை மரமில்லாமல் வளைவாகக் கட்டினார்கள். பிற்பாடு கோட்டையின் ஆளுநரான எலைஹு யேல் மணமுடித்தது அங்கே. 1753இல் ராபர்ட் கிளைவ் மணமுடித்ததும் அங்கே. எழும்பூர் பக்கம் புனித ஆண்ட்ரூ ஆலயத்துக்குள் போய் நிமிர்ந்து பாருங்கள். 1821இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் குவிமாடத்துக்குள் நீல வானமும் பொன் நட்சத்திரங்களும் இருக்கின்றன. தஞ்சை சிவகங்கைப் பூங்கா அருகே 1779இல் கட்டிய சுவார்ட்ஸ் ஆலயத்தில் ஒரு பளிங்குச் சிற்பம்: மரணப் படுக்கையில் கிடக்கும் பாதிரியார் சுவார்ட்ஸைப் பார்க்க வந்து நிற்கிறார் இரண்டாம் சரபோஜி. செதுக்கியவர் ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன். ஒரு மராட்டிய மன்னர் ஜெர்மானியப் பாதிரியாருக்கு எழுப்பிய நினைவு அது, தமிழ் மண்ணில். தரங்கம்பாடியில் 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்துக்குள், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு அடக்கமாகியிருக்கிறார்.

உட்புறம் காட்டுவது அழகு மட்டுமே என்றும் நினைக்க வேண்டாம். நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய தேவாலயத்தில் சாதிக்கொரு பக்கம் என்று இரண்டு கூடங்கள், நடுவில் சுவர். 1910இல் சுவர் இடிக்கப்பட்டது, வழக்கு நீதிமன்றம்வரை போனது. கட்டடத்தின் அமைப்பே இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லும். புதுப்பிக்கிறேன் என்று எல்லாவற்றையும் ஒரே வண்ணத்தில் மூடிவிட்டால் பெருமையும் மறையும், வெட்கப்பட வேண்டியதும் மறையும். இரண்டாவது மறைவதில் சிலருக்கு வசதி இருக்கலாம்.

இவையெல்லாம் பேர்பெற்ற கோயில்கள். ஏதோ ஒரு விதத்தில் தப்பித்துக்கொள்ளும். என் கவலை பேர் தெரியாத நூற்றுக்கணக்கான பங்குக் கோயில்களைப் பற்றியது. தேக்குப் பலகையில் செதுக்கிய பிரசங்க மேடை, கல்லில் குடைந்த ஞானஸ்நானத் தொட்டி, தரையில் பதித்த தமிழ்க் கல்லறை எழுத்து, மர அலமாரியில் கரையானோடு போராடும் திருமுழுக்குப் பதிவேடு. கொள்ளுப்பாட்டனின் பெயரை முதலும் கடைசியுமாக எழுதியிருப்பது பல குடும்பங்களுக்கு அந்த ஏட்டில்தான்.

சேற்றில் இறங்கிய பிள்ளைகள்

இளைஞர்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு உலகமே சுட்டிக்காட்டும் ஒரு நாள் உண்டு. 1966 நவம்பர் 4.

அன்று இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்குள் ஆர்னோ ஆறு புகுந்தது. சில தெருக்களில் தண்ணீர் 6 மீட்டரைத் தாண்டியது. குளிர்காலம் நெருங்கியதால் வீடுகளின் நிலவறைத் தொட்டிகளில் கணப்புக்கான எண்ணெயை நிரப்பி வைத்திருந்தார்கள். அது வெள்ளத்தோடு கலந்தது. தண்ணீர் வடிந்தபோது நகரம் முழுக்கக் கறுப்புச் சேறு. தாழ்வான பகுதியில் நின்ற சாந்தா குரோச்சே தேவாலயம் மற்ற இடங்களைவிட மோசமாக அடிவாங்கியது. மைக்கலாஞ்சலோவும் கலிலியோவும் அடக்கமாகியிருக்கும் ஆலயம் அது. அங்கே இருந்த, 13ஆம் நூற்றாண்டில் சிமாபுவே தீட்டிய மாபெரும் மரச்சிலுவை ஓவியத்தின் வண்ணத்தில் பாதிக்கு மேல் தண்ணீரோடு போய்விட்டது.

யாரும் அழைக்காமல் இளைஞர்கள் வந்தார்கள். இத்தாலியின் எல்லா மூலைகளிலிருந்தும், ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலிருந்தும், அமெரிக்காவிலிருந்தும். பெரும்பாலோர் மாணவர்கள். தூங்க ரயில் பெட்டிகளைக் கொடுத்தார்கள். பகலெல்லாம் வாளி வாளியாகச் சேற்றை அள்ளினார்கள். தேசிய நூலகத்தின் நிலவறையிலிருந்து வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி, ஊறிப்போன ஏடுகளை மேலே கொண்டுவந்தார்கள். நாற்றம் தாங்காமல் முகமூடி அணிந்து வேலை செய்தார்கள். பத்திரிகைகள் அவர்களுக்குச் 'சேற்றுத் தேவதைகள்' என்று பெயர் வைத்தன. பெயர் நிலைத்துவிட்டது.

இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. நாம் கவனிக்க வேண்டியது அடுத்தது. அந்தப் பிள்ளைகள் ஓர் ஓவியத்தின்மீதும் தூரிகை வைக்கவில்லை. அள்ளினார்கள், சுமந்தார்கள், அடுக்கினார்கள், பக்கங்களுக்கு நடுவே உறிஞ்சும் தாள் வைத்து ஈரத்தை எடுத்தார்கள், சொன்ன இடத்தில் நின்றார்கள். பழுதைச் சரிசெய்யும் வேலை பழுதறிந்தவர்களிடம் போனது. சிமாபுவேயின் சிலுவைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது பத்து ஆண்டுகள். அப்போதும் காணாமல்போன முகத்தையோ உடலையோ யாரும் புதிதாக வரையவில்லை. இழந்த இடங்களை, அருகில் போனால் தனியாகத் தெரியும்படி, மெல்லிய வண்ணக் கோடுகளால் நிரப்பினார்கள். இழப்பு இழப்பாகவே தெரிகிறது. நம் ஊராக இருந்தால் திருவிழாவுக்குள் 'முடித்துக்' கொடுத்திருப்போம்.

அதே வளாகத்தில் இருந்த வசாரியின் 'கடைசி இராவுணவு' ஓவியம் இன்னும் பெரிய பாடம். 1546இல் ஐந்து மரப்பலகைகளில் தீட்டியது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் கிடந்தது. வண்ணம் உதிர்ந்துவிடாமல் மேலே மெல்லிய தாளை ஒட்டி எடுத்து வைத்தார்கள். சரிசெய்யும் முறை அன்றைக்கு யாரிடமும் இல்லை. ஆகவே காத்திருந்தார்கள். பிறகு நிபுணர்கள் முறை கண்டுபிடித்து, தங்களுக்கு அடுத்த தலைமுறை மரப்பலகை வல்லுநர்களையும் அந்த வேலையிலேயே பழக்கி, 2016 நவம்பர் 4 அன்று, சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, ஓவியத்தை மறுபடி மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். வெள்ளத்தில் இருபது வயதில் நின்றவர்களுக்கு அப்போது எழுபது வயது.

நல்ல மனசு மட்டும் போதாது

எதிர்ப்பக்கக் கதையும் சொல்லியாக வேண்டும். ஸ்பெயினில் போர்ஹா என்ற சிற்றூர். அங்கே ஒரு கோயில் சுவரில் முள்முடி சூடிய இயேசுவின் சிறிய ஓவியம், ஏறக்குறைய 1930ஐச் சேர்ந்தது. ஈரத்தில் பொருக்கு விட்டுக்கொண்டிருந்தது. எண்பது வயது தாண்டிய பக்தை ஒருவர் மனம் பொறுக்காமல் தானே தூரிகையெடுத்தார். 2012இல் அந்தப் படம் உலகம் முழுக்கச் சிரிப்புப் பொருளானது. பிறகு அதைப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டம் வந்தது, ஊருக்கு வருமானம் வந்தது என்பது வேறு கதை. பழைய ஓவியம் வரவில்லை.

2018இல் அதே நாட்டில் எஸ்தெயா நகரத்துத் தேவாலயம் ஒன்றில் 16ஆம் நூற்றாண்டு மரச்சிற்பமான புனித ஜார்ஜ், கைவினை ஆசிரியர் ஒருவர் கையில் பொம்மைபோல் ரோஸ் முகத்தோடு வெளியே வந்தார். அடுத்த ஆண்டு நிபுணர்கள் புதுப் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்தார்கள். அடியில் இருந்த பழைய வண்ணத்தில் ஒரு பகுதி மீளவே இல்லை.

இந்த இரண்டு ஊர்களையும் பார்த்து நாம் சிரிப்பதற்கு முன், நம் கோயில்களில் கண்ணிமைக்கு மை தீட்டி உதட்டுக்குச் சிவப்பு பூசிய பழைய சுரூபங்களை ஒருதரம் எண்ணிப் பார்ப்பது நல்லது. நம்மூரில் யாரும் படமெடுத்துப் போடவில்லை, அவ்வளவே.

உழவாரம் நமக்குத் தெரிந்ததே

தமிழருக்கு இது புதுப் பழக்கம் இல்லை. திருநாவுக்கரசர் கையில் உழவாரப்படையோடு ஊர் ஊராகப் போய்க் கோயில் பிரகாரத்துப் புல்லைச் செதுக்கினார். இன்றைக்கும் மாதத்துக்கு ஒரு ஞாயிறு, வேனோ பஸ்ஸோ பிடித்துப் போய்ப் பழைய சிவாலயங்களில் உழவாரப்பணி செய்யும் இளைஞர் குழுக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. நாவுக்கரசர் கையில் இருந்தது புல் செதுக்கும் கருவி. சுவரைச் செதுக்கும் கருவி அன்று. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

தேவாலயத்துக்குள் ஓர் உழவாரப்பணி எப்படி இருக்கும்? முதல் நாள் துடைப்பம்கூட எடுக்கக் கூடாது. போனையும் நோட்டுப் புத்தகத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். பீடத்தின் வலப்பக்கத்திலிருந்து தொடங்கிச் சுவர் சுவராக, தூண் தூணாக, ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். எங்கே ஈரம், எங்கே விரிசல், எந்த உத்திரத்தில் கரையான் மண்கோடு, எந்த ஜன்னலில் வண்ணக் கண்ணாடி உடைந்திருக்கிறது என்று குறிக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் அதே இடத்தில் நின்று அதே படத்தை எடுத்தால் ஈரம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று ஓராண்டில் தெரிந்துவிடும். எந்தப் பொறியாளர் வந்தாலும் முதலில் கேட்பது இதைத்தான். இது எந்தக் கோயிலிலும் இருப்பதில்லை.

கல்லறை எழுத்துகளைப் படியெடுப்பது இன்னொரு வேலை. ஜே.ஜே. காட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறைகள், நினைவுக் கற்களின் எழுத்துகளைத் தொகுத்து 1905இல் நூலாக்கினார். அவருக்கு இருந்தது காகிதமும் பேனாவும். இன்று கல்லூரிப் பிள்ளைகளின் சட்டைப்பையில் இருக்கும் கருவியை அவர் கனவில்கூடக் கண்டிருக்க மாட்டார். காலணி தேய்த்தே மறைந்துகொண்டிருக்கும் எழுத்தைச் சாய்வெளிச்சத்தில் டார்ச் அடித்துப் படம் எடுத்தால் போதும், வரி வரியாக எழுந்து நிற்கும். அதன்மேல் சுண்ணப்பொடி தடவவோ சுரண்டவோ வேண்டியதில்லை.

தூசி தட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. செதுக்கு வேலை நிறைந்த மரப் பிரசங்க மேடை என்றால் முதலில் கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும். வண்ணமோ பொன்தாளோ செதில் விட்டிருந்தால் கை வைக்கவே கூடாது. குறித்துவைத்துவிட்டு நகர வேண்டும். உறுதியாக இருந்தால் மேலிருந்து கீழாக, மென்மையான பிரஷ்ஷால், ஒரே திசையில். இன்னொரு கையில் குறைந்த வேகத்தில் ஓடும் வாக்குவம் கிளீனர், அதன் வாயில் கட்டிய மல் துணி. தூசி உள்ளே போகும். தப்பித்தவறி ஒரு சில்லு பெயர்ந்தால் துணியில் நிற்கும். அந்தச் சில்லைக் கவரில் போட்டு, எந்த இடம் என்று எழுதி, பத்திரப்படுத்த வேண்டும். ஒரு பிரசங்க மேடைக்கு இரண்டு பேருக்கு ஒரு நாள் ஆகும். அலுப்பான வேலை. பெயின்ட் அடிப்பதுபோல் மாலையில் செல்ஃபி எடுக்க ஒன்றும் இருக்காது.

செய்யக் கூடாதவை சில, விவாதமில்லாமல். பளிங்கில் ஆசிட், எலுமிச்சை, புளி எதுவும் படக் கூடாது. பித்தளைக் குத்துவிளக்கையும் மெழுகுவத்தித் தண்டுகளையும் வாரம் தவறாமல் பாலிஷ் போட்டால் அதிலுள்ள எழுத்தே தேய்ந்துபோகும். பழைய எண்ணெய் வண்ணத்தை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. அதில் ஈயம் இருக்கும், தூசி நுரையீரலுக்குள் போகும். ஏணியில் ஆளுயரத்துக்கு மேல் எந்தத் தன்னார்வலரும் ஏறக் கூடாது. வௌவால் எச்சத்தை மாஸ்க் போடாமல் கூட்டக் கூடாது. பெரிய வேலை என்று எல்லோரும் நினைப்பது உள்ளே. ஆனால் ஐப்பசி பிறக்குமுன் கூரைத் தண்ணீர்க் குழாயில் அடைத்த அரசிலைகளையும் பறவைக் கூட்டையும் எடுத்துவிட்டாலே உள்சுவர் பாதி தப்பிக்கும். மேலே ஏற வேண்டிய அந்த வேலைக்குக் கூலி கொடுத்துத் தெரிந்தவரை ஏற்றுங்கள்.

இரண்டு ஆட்சேபங்கள்

கூலி கொடுத்துச் செய்ய வேண்டியதைப் பிள்ளைகளை வைத்து இலவசமாக முடித்துக்கொள்ளும் தந்திரம் இது என்பார்கள். நியாயமான சந்தேகம். சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் ஏற்கெனவே குறைந்துவிட்டார்கள். அவர்களுடைய வேலையைத் தன்னார்வலர் பறிக்கக் கூடாது. பூச்சு வேலை, மர வேலை, கண்ணாடி வேலை எல்லாம் முழுக் கூலிக்குத்தான். இளைஞர்களின் பங்கு பதிவு, பராமரிப்பு, காவல். ஒன்று வேண்டுமானால் செய்யலாம்: ஊறிய சுவரில் பழைய முறையில் பூச ஒரு மூத்த கொத்தனாரை அழைத்து வரும்போது, பக்கத்தில் நான்கு ஐடிஐ மாணவர்களை நிறுத்துங்கள். சுண்ணாம்பை எத்தனை நாள் நீற்ற வேண்டும், கலவை கரண்டியில் எப்படி வழுக்க வேண்டும் என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை. அவர் மணிக்கட்டில் இருக்கிறது.

மற்ற மதத்துப் பிள்ளைகள் எதற்குத் தேவாலயத்துக்குள் என்றும் ஒரு முணுமுணுப்பு வரும். சாந்தா குரோச்சேயில் சேறு அள்ளியவர்களிடம் யாரும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை. பூசை நேரம், நற்கருணைப் பேழை இருக்கும் இடத்துக்குக் காட்ட வேண்டிய மரியாதை, காலணி, உடை இவற்றை முதல் நாளே சொல்லிவிட்டால் போதும். பிரச்சினை மதத்தைவிட நிர்வாகத்தில்தான் அதிகம். யாரை உள்ளே விடுவது என்று பங்குப் பேரவையில் ஆறு மாதம் பேசுவார்கள். பெயின்ட் கான்ட்ராக்ட் ஒரே கூட்டத்தில் முடிந்துவிடும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

மத்திய, மாநிலத் தொல்லியல் சட்டங்களின் பாதுகாப்புப் பட்டியலில் நம் பங்குக் கோயில்களில் மிகப் பெரும்பாலானவை இல்லை. மரபுச் சின்னங்களுக்காகத் தமிழ்நாடு 2012இல் தனிச் சட்டமே இயற்றியது. அது நடைமுறைக்கு வரவே பல ஆண்டுகள் பிடித்தது. ஆகவே சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருப்பதில் பயனில்லை. பணம் எங்கே பாய்கிறதோ அங்கே நிபந்தனை வைப்பதுதான் நடைமுறை வழி.

தேவாலயங்களைப் பழுதுபார்க்கத் தமிழ்நாடு அரசு நிதியுதவி தருகிறது. கட்டடத்தின் வயது கூடக்கூடத் தொகையும் கூடும். நல்ல திட்டம். ஆனால் வயதுக்காகக் கொடுக்கும் பணம் வயதின் அடையாளத்தையே அழிக்கப் பயன்படலாமா? நூறு ஆண்டு கடந்த கட்டடம் என்றால் விண்ணப்பத்தோடு உட்புறத்தின் முழுப் படப்பதிவும் இணைக்க வேண்டும், சுண்ணாம்புச் சுவரில் எனாமலும் சிமென்ட்டும் பூசக் கூடாது என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். அரசுக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

ஆயர்கள், பேராயர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது. நூறாண்டு கடந்த கோயிலின் உட்புறத்தில் வண்ணம், தரை, பீடம் எதை மாற்றினாலும் மறைமாவட்டத்தின் அல்லது திருமண்டலத்தின் எழுத்து அனுமதி வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை. அனுமதிக் குழுவில் கட்டடம் தெரிந்த ஒருவரும் இளையோர் இயக்கத்திலிருந்து ஒருவரும் இருக்கட்டும். பாதிரியார் மாறும்போதெல்லாம் பீடத்தின் நிறம் மாறுவது அப்போதுதான் நிற்கும்.

கல்லூரிகளுக்கு நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. 1969 முதல் நடக்கிறது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரச் சேவை, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். சாலையோரம் கூட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் முகாம்கள் போதும். ஒரு பழைய கோயிலையோ பள்ளிவாசலையோ தேவாலயத்தையோ ஏழு நாளில் முழுமையாகப் பதிவுசெய்து, ஒரு பிரதியை மாவட்ட மைய நூலகத்தில் வைக்கும் முகாம் நடக்கட்டும். பயிற்சிக்குச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது. 1930 முதல் அங்கே செப்புத் திருமேனிகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு தடவை, மாவட்டத்துக்கு இருவர் என்று அழைத்து மூன்று நாள் கற்றுக்கொடுத்தால் அந்த இருவர் ஊருக்குப் போய் இருபது பேருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

கடலோரக் கோயில்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. 2004 ஆழிப்பேரலை தரங்கம்பாடிக்குள் வந்ததை மறக்க முடியாது. புயல் எச்சரிக்கை வந்தால் எந்தப் பொருளை முதலில் மேலே ஏற்றுவது, யார் ஏற்றுவது, எந்த வீட்டு மாடிக்கு, சாவி யாரிடம் என்று ஒரே ஒரு தாளில் எழுதி, பூசைப் பொருள்கள் வைக்கும் சக்கிறிஸ்து அறைக் கதவின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். பட்டியலில் முதல் வரி பதிவேடுகளாக இருக்கட்டும். சுரூபத்தை மறுபடி செய்துகொள்ளலாம். 1890ஆம் ஆண்டின் திருமுழுக்கு வரியை மறுபடி எழுத யாராலும் முடியாது.

உங்கள் ஊர்க் கோயிலில் இந்த ஆண்டுத் திருவிழாவுக்கும் பெயின்ட்டுக்கு ஆள் பேசியிருப்பார்கள். முன்பணம்கூடக் கொடுத்திருக்கலாம். ஒரு வாரம் மட்டும் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அந்த ஒரு வாரத்தில் இளைஞர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் உட்புறம் முழுவதையும் படம் எடுத்துவிடுங்கள். பிறகு, உரிந்து தொங்கும் ஓர் இடத்தில் அடியில் என்ன இருக்கிறது என்று பங்குத்தந்தையையும் பேரவைக்காரர்களையும் அழைத்துவந்து காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகும் அடிப்பதா வேண்டாமா என்று அவர்கள் முடிவெடுக்கட்டும்.